திருச்சபையில் பெண்களின் தலைமை: பட்டமும் அதிகாரமும்

திருச்சபையில் பெண்கள் தலைமை வகிக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், பெண்கள் பிரசங்கம் செய்யலாமா, பெண்கள் குருப்பட்டம் பெறலாமா, பெண்கள் நிர்வாகத்தில் அமரலாமா என்னும் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒருவர் முதல் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கையில் மற்றவர் இரண்டாவதற்கு மறுப்புக் கூறுவார். மூன்றாவது கேள்வி பெரும்பாலும் எவராலும் கேட்கப்படுவதே இல்லை. ஆகவே இப்பொருளைப் புதிதாக அறிய விரும்புபவர், திருச்சபையில் அதிகாரம் என்பது எந்தெந்த இடங்களில் இருக்கிறது என்பதை முதலில் பிரித்து அறிந்துகொள்வது நல்லது.

போதிக்கும் அதிகாரம் ஒன்று. வேதத்தை விளக்குவதும், சபைக்கு முன் நின்று பேசுவதும், எது சரியான உபதேசம் என்று தீர்மானிப்பதும் இதில் அடங்கும். ஞானஸ்நானம், திருவிருந்து முதலிய திருச்சடங்குகளை நடத்தும் அதிகாரம் மற்றொன்று. இதைப் பெரும்பாலான சபைகள் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியதாக வைத்திருக்கின்றன. ஆளுகை அதிகாரம் இவ்விரண்டினின்றும் வேறானது. சபையின் பணம், நிலம், பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், அவற்றில் நடக்கும் நியமனங்கள், குருமார்களின் இடமாற்றம் ஆகிய அனைத்தையும் முடிவு செய்வது இதுதான். தமிழ்நாட்டில் ஒரு பேராயத்தின், அதாவது பேராயர் ஒருவரின் ஆளுகைக்குட்பட்ட வட்டாரத்தின் கீழ் எத்தனை பள்ளிக்கூடங்கள் இயங்குகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மூன்றாவது அதிகாரத்தின் அளவு நன்றாகப் புரியும். ஒரு திருச்சபை இந்த மூன்றில் ஒன்றைப் பெண்களுக்குத் தந்து, மற்ற இரண்டையும் தராமல் இருக்கலாம். உலகெங்கும் நடந்திருப்பதும் அதுவே.

பட்டம் இன்றியே பெண்கள் சபைகளை உருவாக்கியிருக்கிறார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே தெளிவான சான்று இருக்கிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திய பிராமணக் கைம்பெண் ஒருவர், 1778-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, கிளாரிந்தா என்னும் பெயரைச் சூடினார். 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேரின் பெயர்கள் உள்ளன. அச்சிறு கூட்டத்தின் நடுநாயகமாக விளங்கியவர் இவர்தான். தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அவர் கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊரார் அழைக்கும் அந்த ஆலயம் திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. ஆயினும் அச்சபையை மேய்க்கத் தஞ்சாவூரிலிருந்து சத்தியநாதன் என்னும் உபதேசியார் வரவேண்டியிருந்தது. 1790-இல் குருப்பட்டம் பெற்றவரும் அவரே. சத்தியநாதனின் உழைப்பைக் குறைத்துக் கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சபையைக் கூட்டியவரும், ஆலயத்தைக் கட்டியவரும், அதைத் தாங்கியவரும் ஒரு பெண்ணாக இருந்தும், திருவிருந்து மேசையின் முன் நிற்க அவருக்கு வழியே இருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பட்டம் என்பது என்ன என்பதை இனிப் பார்க்கலாம். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் மரபுகளிலும், இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் மரபிலும், அவற்றின் அமைப்பை ஏற்ற, சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையிலும், அருட்பணி மூன்று நிலைகளாக அமைந்திருக்கிறது. முதல் நிலையான உதவிகுருவைக் கத்தோலிக்கர் திருத்தொண்டர் என்பர். இவர் வழிபாட்டில் துணை நிற்பார், போதிப்பார், ஏழைகளையும் நோயாளிகளையும் கவனிப்பார், ஆனால் திருவிருந்தைத் தலைமை தாங்கி நடத்தமாட்டார். இரண்டாம் நிலையான குரு, திருவிருந்தை நடத்தவும், பாவமன்னிப்பை அறிவிக்கவும், ஒரு சபையின் பொறுப்பை ஏற்கவும் உரிமை பெற்றவர். மூன்றாம் நிலையில் இருப்பவரைத் தென்னிந்தியத் திருச்சபையார் பேராயர் என்றும் கத்தோலிக்கர் ஆயர் என்றும் அழைக்கின்றனர். ஒரு வட்டாரம் முழுவதற்கும் மேய்ப்பராக இருப்பதோடு, மற்றவர்களுக்குப் பட்டம் தரும் உரிமையும் இவருக்கே உண்டு. அப்போஸ்தலர் காலந்தொட்டுக் கைவைத்தலின் மூலம் இடையறாமல் வரும் தொடர்ச்சி பேராயர்கள் வழியாகவே காக்கப்படுகிறது என்று இம்மரபுகள் நம்புகின்றன.

இந்த நம்பிக்கையை மனத்தில் வைத்தால்தான், பெண் குருக்களை ஏற்றுக்கொண்ட சில சபைகள்கூடப் பெண் பேராயர் என்றவுடன் ஏன் பல ஆண்டுகள் தயங்கின என்பது விளங்கும். பெண் குரு ஒருவரை ஏற்க விரும்பாதவர், பக்கத்து ஆலயத்திற்குச் சென்றுவிடலாம். பேராயரே பெண் என்றால், அவரது கைகளால் பட்டம் பெறும் ஆண் குருவின் பட்டமும் செல்லுமா என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. பக்கத்து ஆலயமும் அதே பேராயரின் கீழ்தானே இருக்கிறது.

எதிர்ப்பவர்கள் காட்டும் வேதவசனங்கள் பலருக்கும் தெரிந்தவை. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் ஸ்திரீக்கு உத்தரவு இல்லை என்கிறது. கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் பதினான்காம் அதிகாரம், சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கவேண்டும் என்கிறது. இயேசு தெரிந்துகொண்ட பன்னிருவரும் ஆண்களே என்பதும் வலுவான வாதமாக முன்வைக்கப்படுகிறது. இவற்றை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது; வேதத்தை உண்மையாகவே மதிக்கும் பலர் இவ்வசனங்களின் முன் மனச்சான்றோடு நிற்கிறார்கள்.

அதே வேதம் வேறு செய்திகளையும் சொல்கிறது. பேச வேண்டாம் என்று கூறும் அதே கொரிந்தியர் நிருபம், மூன்று அதிகாரங்களுக்கு முன்பு, ஜெபம்பண்ணும், தீர்க்கதரிசனம் சொல்லும் பெண்கள் தலையை மூடிக்கொள்ளவேண்டும் என்று அறிவுரை தருகிறது. அப்படியானால் கொரிந்துச் சபையில் பெண்கள் வாய்திறந்து ஜெபித்தார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள் என்பது தெளிவு. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வாழ்த்துக் கூறும் பட்டியலைப் பொறுமையாக வாசிக்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வேன். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் அங்கே முதலில் நிற்கிறார். அப்பொல்லோவுக்குத் தேவனுடைய வழியை இன்னும் திட்டமாக விளக்கிக் காட்டிய பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்ற இணையர் அடுத்து வருகின்றனர்; மனைவியின் பெயரே முன்னால் வருகிறது. அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்று புகழப்படும் இருவரில் ஒருவர் யூனியா. நான்காம் நூற்றாண்டின் பெரும் பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தோம், யூனியாவைப் பெண் என்றே கொண்டு, அப்போஸ்தலர் என்னும் பெயருக்கே தகுதி பெற்ற அவரது ஞானத்தை வியந்து போற்றினார். பழைய ஏற்பாட்டில் தெபொராள் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தார். யோசியா ராஜாவின் காலத்தில் நியாயப்பிரமாண நூல் கண்டெடுக்கப்பட்டபோது, பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா முதலானோர் அதன் பொருளைக் கேட்கச் சென்றது உல்தாள் என்னும் தீர்க்கதரிசியிடம். உயிர்த்தெழுந்த ஆண்டவர், சீடர்களிடம் போய்ச் சொல் என்று முதலில் அனுப்பியது மகதலேனா மரியாளை.

ஒரு வசனத்தை எல்லாக் காலத்திற்குமான சட்டமாகவும், மற்றவற்றை விதிவிலக்காகவும் கொள்வதா, அல்லது கட்டுப்படுத்தும் வசனங்களை அந்தந்தச் சபையின் குழப்பத்திற்குத் தரப்பட்ட மருந்தாகவும், ஆணென்றும் பெண்ணென்றுமில்லை என்ற கலாத்தியர் வசனத்தை அடிப்படையாகவும் கொள்வதா என்பதே உண்மையான விவாதம். இரண்டாவது வாசிப்பே வேதம் முழுவதற்கும் நேர்மையானது என்பது என் துணிபு. பெண்களை அமைதியாயிருக்கச் சொல்லும் வசனத்தைச் சட்டமாகக் கொள்பவர்கள், அதே பகுதியில் பொன் அணியக் கூடாது, தலைமயிரைப் பின்னக் கூடாது என்று வரும் சொற்களைப் பெரும்பாலும் அப்படிக் கொள்வதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை, பட்டத்தையும் ஆளுகையையும் பிரித்துப் பார்க்க உதவும் நல்ல எடுத்துக்காட்டு. திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே அருட்பொழிவைச் செல்லத்தக்க விதத்தில் பெறமுடியும் என்று அதன் திருச்சபைச் சட்டம் 1024 கூறுகிறது. 1994-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்குக் குருத்துவ அருட்பொழிவு வழங்கத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை என்று அறிவித்து, இம்முடிவை அனைவரும் உறுதியாக ஏற்கவேண்டும் என்றார். கிறிஸ்து ஆண்களையே திருத்தூதராகத் தேர்ந்தார், இடையறாத மரபும் அதுவே, அதை மாற்றும் உரிமை தங்களுக்கு இல்லை என்பதே இவ்வாதத்தின் சாரம். ஆனால் ஆளுகையில் அண்மைக் காலத்தில் நிலை மாறிவருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல், வழிபாட்டில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் குருவுக்குத் துணைசெய்யும் பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் உரியதாக்கினார். 2022-இல் வெளியிட்ட சட்டத்தில், வத்திக்கானின் மைய நிர்வாகமான திருப்பீடத்தின் துறைகளுக்கு, பட்டம் பெறாத பொதுநிலையினரும் தலைமை ஏற்கலாம் என்று வகுத்தார். 2023-இல் ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். 2025 ஜனவரியில் அருள்சகோதரி சிமோனா பிரம்பில்லா துறவறச் சபைகளுக்கான துறையின் தலைவராக நியமிக்கப்பட்டார். உலகெங்குமுள்ள துறவியரின் வாழ்வைக் கண்காணிக்கும் அத்துறையின் தலைவராலும் திருப்பலி நிறைவேற்ற முடியாது. பழைய காலத்திலும் இத்தகைய பிரிவு இருந்தது. ஏழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹில்டா என்னும் மடத்தலைவி, ஆண் துறவியரையும் பெண் துறவியரையும் ஒருசேர ஆண்டார். 664-இல் கூடிய புகழ்பெற்ற விட்பி மாமன்றம் அவரது மடத்திலேயே நடந்தது.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பெண்களுக்குக் குருப்பட்டம் தருவதில்லை. எனினும் முற்காலத்தில் அவர்களிடம் பெண் திருத்தொண்டர்கள் இருந்தனர்; 2024 மே மாதம் அலெக்சாந்திரியா மறைமுதல்வர் ஆட்சிக்குட்பட்ட ஜிம்பாப்வேயில் ஒரு பெண் அப்பட்டத்தைப் பெற்றிருக்கிறார்.

புராட்டஸ்டன்ட் சபைகளில் வழி வேறாகச் சென்றது. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் காங்கிரகேஷனல் மரபைச் சேர்ந்த அமெரிக்கச் சபை ஒன்றில் 1853-இல் அன்டோனெட் பிரவுன் குருப்பட்டம் பெற்றார். இரட்சணிய சேனை தொடக்கத்திலிருந்தே பெண்களை அதிகாரிகளாக ஏற்று, 1934-இல் இவாஞ்சலின் பூத்தைத் தன் உலகத் தலைவராகவே தேர்ந்தெடுத்தது. பெந்தெகொஸ்தே சபைகளில் ஆவியின் வரம் யாருக்கு இருக்கிறதோ அவர் பேசலாம் என்ற எண்ணம் வலுவாக இருப்பதால், பட்டம் பற்றிய சிக்கல் இல்லாமலே பல பெண்கள் பிரசங்கிகளாக எழுந்தனர். ஆனால் எல்லா இடத்திலும் காலம் முன்னோக்கியே செல்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. லாத்வியாவின் லுத்தரன் சபை, முன்பு பெண்களுக்குப் பட்டம் தந்திருந்தும், 2016-இல் ஆண்களுக்கு மட்டுமே பட்டம் என்று தன் சட்டத்தை மாற்றியது. அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு 2023-இல், பெண்களைப் போதகர்களாக வைத்திருந்த காரணத்திற்காகவே ஒரு மிகப் பெரிய சபையை விலக்கியது.

ஆங்கிலிக்கன் மரபின் கதையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தென்னிந்தியத் திருச்சபையோடு உறவுடைய கதை அது. இரண்டாம் உலகப் போரின்போது, போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவ் நகரம் அகதிகளால் நிரம்பியிருந்தது. ஜப்பானியர் பிடித்திருந்த ஹாங்காங்கிலிருந்து அங்கே குருக்கள் சென்று திருவிருந்து நடத்த இயலவில்லை. அச்சபையைக் கவனித்துவந்தவர் புளோரன்ஸ் லீ டிம் ஒய் என்னும் பெண் உதவிகுரு. 1944 ஜனவரி 25-ஆம் நாள் பேராயர் ரொனால்ட் ஹால் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். உரிமைப் போராட்டமாக அவர் இதைச் செய்யவில்லை. பசியும் போரும் சூழ்ந்த ஒரு சபை திருவிருந்தின்றித் தவிக்கிறது, அதன் மேய்ப்பராக ஏற்கெனவே இருப்பவருக்கு உரிய பட்டத்தை அளிப்பதே முறை என்று கருதினார். போர் முடிந்ததும் எதிர்ப்புப் பெருகியது. தம் பேராயரைக் காப்பதற்காக லீ டிம் ஒய் 1946-இல் குருவாகப் பணியாற்றும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார், பட்டத்தைத் துறக்கவில்லை. சீனாவில் ஆலயங்கள் மூடப்பட்ட ஆண்டுகளிலும் அங்கேயே உடலுழைப்பில் வாழ்ந்து, முதுமையில் கனடாவுக்குச் சென்று மீண்டும் குருவாகப் பணிசெய்து, 1992-இல் மறைந்தார். இக்கதையை எத்தனை முறை வாசித்தாலும் மனம் நெகிழ்கிறது. அவர் விட்டுக்கொடுத்ததை மட்டும் புகழ்ந்து, அவரை விட்டுக்கொடுக்க வைத்தவர்களை மறந்துவிடுவது நியாயமாகாது.

1989-இல் பார்பரா ஹாரிஸ் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பேராயத்தில் உதவிப் பேராயராகி, ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபை 1992-இல் பெண் குருக்களை அனுமதிக்க முடிவுசெய்து, 1994 மார்ச் மாதம் பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்களுக்கு முதன்முதலாகப் பட்டம் தந்தது. பேராயர் பதவி அவர்களுக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன. அச்சபையின் பொது மன்றம், பேராயர், குருக்கள், பொதுநிலையினர் என்று மூன்று அவைகளைக் கொண்டது. இத்தகைய மாற்றத்திற்கு ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். 2012 நவம்பரில் பேராயர் அவையும் குருக்கள் அவையும் பெரும்பான்மையுடன் ஒப்புதல் தந்தன. பொதுநிலையினர் அவையில் 132 பேர் ஆதரவாகவும் 74 பேர் எதிராகவும் வாக்களித்ததால், ஆறு வாக்குக் குறைவில் தீர்மானம் தோற்றது. 2014 ஜூலையில் அதே மன்றம் அதை நிறைவேற்ற, 2015 ஜனவரியில் லிபி லேன் அச்சபையின் முதல் பெண் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 2025 அக்டோபர் 3-ஆம் நாள், முன்னாள் செவிலியரான சாரா முல்லாலி, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பதவியும் ஆங்கிலிக்கன் உலகில் முதன்மையாக மதிக்கப்படுவதுமான கேன்டர்பரியின் 106-ஆவது பேராயராக அறிவிக்கப்பட்டார். இப்பதவி திருத்தந்தையின் பதவியைப் போன்றதன்று. மற்ற நாட்டுச் சபைகள்மீது அவருக்குச் சட்ட அதிகாரம் கிடையாது.

1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், உதவிகுரு முதல் பேராயர் வரை எல்லாப் பட்டங்களும் இன்று பெண்களுக்கு உரியவை. பாலின் சத்தியமூர்த்தி அதன் உயர் ஆளுகை மன்றமான சினாடின் பொதுச்செயலராகப் பணியாற்றிய காலத்தில், அச்சபையில் பெண் பேராயர் எவரும் இருக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவாக உழைத்த புஷ்ப லலிதா 2013 செப்டம்பர் 30-இல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோதுதான் அந்நிலை மாறியது. இங்கிலாந்துத் திருச்சபையில் லிபி லேன் அப்பதவிக்கு வருவதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே நம் திருச்சபை இதைச் செய்துவிட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாம் பெருமிதத்தோடு நினைவுகூரவேண்டிய செய்தி இது.

ஆனால் சட்டம் அனுமதிப்பதும் நடைமுறையில் கிடைப்பதும் ஒன்றல்ல. பேராயர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்று பாருங்கள். பேராயத்தின் பெருமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து, பேனல் எனப்படும் பெயர்ப்பட்டியலைத் தெரிவுசெய்து அனுப்புவார்கள். சினாடின் தேர்வுக்குழு அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே பெண் குரு ஒருவரின் பெயர் பேனலுக்குள் வரவேண்டுமானால், பெருமன்றத்தில் அவருக்கு வாக்கு வேண்டும். பெருமன்ற உறுப்பினர்களோ, ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிகளான சேகரங்களிலிருந்து தேர்தல் மூலம் வருபவர்கள். அத்தேர்தல்களில் அணிகளும், குடும்பச் செல்வாக்கும், சாதியும், பள்ளி நியமனங்கள் பற்றிய எதிர்பார்ப்பும் வேலை செய்கின்றன என்பது எவருக்கும் மறைவான செய்தியன்று. பெரிய ஊர் ஆலயமொன்றில் சேகர குருவாக இருந்து மக்களிடம் அறிமுகமானவருக்கே வாக்கு சேர்கிறது. விடுதிக் கண்காணிப்பு, மருத்துவமனை அருட்பணி, வேறொரு சேகர குருவுக்குத் துணையாயிருக்கும் பணி ஆகியவற்றிலேயே ஒரு பெண் குருவை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால், அவருக்கு அந்த அறிமுகம் எப்படிக் கிடைக்கும்?

சபை மட்டத்திலும் இதே நிலையைக் காணலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பிடியரிசி சேர்த்தும், விற்பனை விழா நடத்தியும், வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடத்தியும் திரட்டும் பணம் சேகரக் கணக்கில் வரவாக ஏறுகிறது. அதை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் சேகரக் கமிட்டியில் அவர்களுள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள், அமர்ந்திருப்பவர்கள் பேசும்போது அது குறிப்பேட்டில் பதிவாகிறதா என்று பார்க்கவேண்டும். மாதவிலக்கைத் தீட்டாகக் கருதும் பழைய எண்ணமும், எந்த உபதேசத்திலும் எழுதப்படாமலே, திருவிருந்து வழங்கும் பெண்ணின் கைகளைச் சிலர் தவிர்ப்பதற்குக் காரணமாகிறது. இதற்கு விடை சொல்லவேண்டியவர் அந்தப் பெண் குரு அல்லர். பிரசங்கபீடத்திலிருந்து இதை வெளிப்படையாகக் கண்டித்துப் போதிக்கவேண்டிய கடமை பேராயர்களுக்கும் சேகர குருமாருக்கும் உண்டு.

உங்கள் சபையைப் பற்றி அறிய விரும்பினால், பெண்களுக்குப் பட்டம் உண்டா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பட்டம் பெற்ற பெண்கள் எந்தெந்தச் சேகரங்களில் பொறுப்புக் குருவாக இருக்கிறார்கள், பேராயத்தின் செயற்குழுவிலும் நிதிக்குழுவிலும் பெண்கள் எத்தனை பேர், பள்ளிகளின் தாளாளர்களாக எத்தனை பெண்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள், கடந்த பேராயர் தேர்தலின் பேனலில் ஒரு பெண்ணின் பெயராவது முன்மொழியப்பட்டதா என்று கேளுங்கள். அச்சிடப்பட்ட பேராய அறிக்கையிலும் பெருமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பிலும் இவற்றுக்குப் பெரும்பாலும் விடை கிடைக்கும். கிடைக்காவிட்டால், அடுத்த சேகரக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை, தகுதி பெற்ற ஒவ்வொரு சபையாருக்கும் இருக்கிறது.